பாஸ்போர்ட், விசா, மஞ்சள் அட்டை: விதிகளுக்குப் பின்னால் இருக்கும் கவலைகள்

சென்னை விமான நிலையத்தில் கோலாலம்பூருக்கோ பாங்காக்குக்கோ செல்லும் விமானத்தின் செக்-இன் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினால், ஊழியரின் கண் முதலில் போவது அதன் காலாவதித் தேதிக்கு. அடுத்ததாக விசா பக்கம், அதற்கும் அடுத்ததாகத் திரும்பி வரும் டிக்கெட். அவர் அரசு அதிகாரி அல்லர். விமான நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். ஆனாலும் விடுமுறைப் பயணங்கள் பல அந்தக் கவுண்டரிலேயே முடிந்துபோகின்றன. காரணம் எளிது. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் தன் செலவில் திருப்பி அழைத்துவர வேண்டிய பொறுப்பும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். இந்தியாவே 2000-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அப்படி ஏற்றி வரப்படும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று விதித்தது. ஆகவே கவுண்டரில் இருப்பவர் தன் கணினியில் ‘டைமேட்டிக்’ என்ற சர்வதேசத் தரவுத்தளத்தைத் திறந்து, அது சொல்வதைத்தான் நடைமுறைப்படுத்துவார். “அங்கே போய் இறங்கிப் பேசிக்கொள்கிறேன்” என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த விதிகளை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்காது. ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருப்பவை அவை. ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு நாட்டின் குறிப்பான கவலை ஒன்று இருக்கிறது. அது யாருடைய கவலை, எதைப் பற்றிய கவலை என்று புரிந்துகொண்டவர்கள், விதி மாறும்போதும் எந்தக் காகிதத்தை எங்கே கேட்பார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகித்துவிட முடியும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, சென்று சேரும் நாட்டின் கவலை ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அனுப்ப முடியுமா? சுற்றுலாப் பயணி நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் கிடக்கலாம், வழக்கில் சிக்கலாம், வேண்டுமென்றே தங்கிவிடலாம். அப்போது அவர் கையிலிருக்கும் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டால், அவரை எந்த நாடு ஏற்கும் என்பதே சிக்கலாகிவிடும். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் கேட்கும் ஆறு மாத எஞ்சிய செல்லுபடிக் காலத்தின் பொருள் இதுதான். இதில் உலகத்துக்குப் பொதுவான அளவு எதுவும் இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், நாம் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சமிருந்தால் போதும் என்கின்றன. கூடவே இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

நம் வீடுகளில் இந்த ஆறு மாத விதியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் குழந்தைகளின் பாஸ்போர்ட்தான். பெரியவர்களுக்கு 10 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்படும் பாஸ்போர்ட், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுகளுக்குத்தான். குடும்பம் முழுவதும் ஒரே நாளில் பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அப்பா அம்மாவுடையது பாதி வழியில் இருக்கும்போதே பிள்ளையுடையது முடிந்துவிடும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வரிசையாகத் திறந்து வைத்துத் தேதி பார்த்துவிடுவது நல்லது. காலாவதிக்கு ஓராண்டு முன்பாகவே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் காத்திருக்கத் தேவையில்லை. தத்கால் வழி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுபவர்கள், முகவரி மாறியிருந்தாலோ பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலோ காவல்துறை விசாரணையில் நாள்கள் கரையும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெயர் என்று வரும்போது, தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று குடும்பப் பெயர், மற்றொன்று இயற்பெயர். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே பெரும்பாலும் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் விதிகள் அந்த முதலெழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கின்றன. விரித்த பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சிலர் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார்கள். அதனால் கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று விதமான குடும்பப் பெயர் வருகிறது. சிலர் முழுப் பெயரையும் இயற்பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிட்டுக் குடும்பப் பெயரை வெற்றாக விடுகிறார்கள். தன் பெயரை மட்டும் ஒற்றைச் சொல்லாகக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு.

இதில் கடைசி வகையினருக்கு 2022 நவம்பரில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. குடும்பப் பெயரோ இயற்பெயரோ இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பின்னர், வந்திறங்கி விசா பெறுபவர்களுக்கு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இயற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்ற மூன்றெழுத்து அச்சாகி வரும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பது அதன் விரிவு. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஒற்றைப் பெயரைச் சுமந்து செல்பவருக்கு அதைப் பார்க்கும்போது மனம் கசக்கத்தான் செய்யும். உலகத்தின் படிவங்கள் நம் பெயரிடும் முறையை நினைத்து வடிவமைக்கப்படவில்லை. அது நியாயமல்ல என்றாலும், புதிதாக பாஸ்போர்ட் எடுக்கும் குழந்தைக்கு இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவதே இன்றைய நிலையில் பாதுகாப்பானது. டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆதாரில் உள்ளதோ பள்ளிச் சான்றிதழில் உள்ளதோ இங்கே கணக்கில்லை.

பாஸ்போர்ட்டில் இன்னொரு முத்திரையும் சிலரைக் கலங்க வைக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றப்படும் தொழிலாளர்களைக் காக்க, 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. இவர்கள் வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில், வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவையும் இருக்கின்றன. சுற்றுலாவாகச் செல்பவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. எனினும் குடியேற்றப் பிரிவில் கூடுதலாக நான்கு கேள்விகள் கேட்கப்படலாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருந்தால் அவை எளிதாகக் கடந்துபோகும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அந்தக் குறிப்பே இல்லாத பாஸ்போர்ட்டைப் பெறலாம் என்பது, பேரப்பிள்ளைகளுடன் முதன்முறையாகக் கிளம்பும் பாட்டிமார் பலருக்குத் தெரிவதில்லை.

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட்டே கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை போதும். ஆனால் ஆதாரை நம்பிக் காத்மாண்டுவுக்கு விமானம் ஏறக் கூடாது. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது செல்லும்.

இனி விசா. இங்கே கவலை வேறு: வந்தவர் திரும்பிப் போவாரா? மற்ற ஆவணங்கள் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்கான சான்றுகள்தாம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று கேட்பதெல்லாம், ‘இவருக்கு ஊரில் வேர் இருக்கிறது’ என்று காட்டத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் உறவினர்களிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் ஐந்து லட்சம் போட்டு வைப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே குழி பறித்துக்கொள்கிறார்கள். அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் உள்ள தொகையை மட்டுமல்ல. மாதாமாதம் சம்பளம் வந்து, செலவாகி, கொஞ்சம் மிஞ்சும் அந்த ஒழுங்கை. திடீரென்று முளைத்த பெருந்தொகை, இல்லாத சந்தேகத்தையும் எழுப்பிவிடும்.

ஷெங்கன் விசா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில், மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய ஏற்பாடு, 2025 தொடக்கத்தில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்த பிறகு 29 நாடுகளாக விரிந்திருக்கிறது. ஒரே விசாவில் எல்லா நாட்டுக்கும் போகலாம் என்பதால், எளிதில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாட்டில் விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் நாள் முழுவதையும் கழிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; நாள்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாள்களுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. முடிவெடுக்கப் பதினைந்து நாள்கள் என்றாலும் 45 நாள்கள் வரை அது நீளக்கூடும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. நிராகரித்தாலும் அது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். கிடைக்கும் விசா எத்தனை ஆண்டுக்கானதாக இருந்தாலும், எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும்.

இந்தியர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த மாற்றம். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு, இரண்டு ஆண்டுக்கான பலமுறை நுழையும் விசா கிடைக்கும். பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால் அதையடுத்து ஐந்து ஆண்டுக்கானதும் கிடைக்கும். போய்த் திரும்பியவர்மீது நம்பிக்கை வளர்கிறது என்பதே இதன் அடிப்படை. இதே தர்க்கத்தில்தான், செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்கு அமீரகம் வந்திறங்கியவுடன் 14 நாள் விசா கொடுக்கிறது: வேறொரு நாடு ஆராய்ந்துவிட்டது, நாம் மீண்டும் ஆராய வேண்டாம் என்ற நினைப்பு.

விசாவே வேண்டாம் என்று சொல்லும் நாடுகளும் பெருகிவிட்டன. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்களுக்கு விசா இன்றி அனுமதிக்கிறது. அந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு அறிவித்தது. மாலத்தீவும் மொரீஷியசும் வந்திறங்கியவுடன் கட்டணமின்றிக் கொடுக்கின்றன. ஆனால் விசா வேண்டாம் என்பதற்குக் கேள்வியே கிடையாது என்று பொருளல்ல. தூதரகத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் அங்கே குடியேற்றக் கவுண்டருக்கு இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே. திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் மூன்றையும் காட்டத் தயாராக இருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன. அது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் மேலே வந்து நின்று அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசின் தளம் அல்ல.

தடுப்பூசிக்கு வருவோம். மக்கள் மிகக் குறைவாகப் புரிந்துகொண்டிருப்பதும், நான் மிக அதிகமாகக் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். சர்வதேச சுகாதார விதிமுறைகளில், பயணிகளிடம் தடுப்பூசிச் சான்று கேட்கலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ள ஒரே நோய் மஞ்சள் காய்ச்சல். பெயரைக் கேட்டுவிட்டு மஞ்சள் காமாலைக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுவால் பரவும் வைரஸ் நோய்; கடுமையானால் கல்லீரலைத் தாக்கி உயிரைக் குடிப்பது. அதற்கு மருந்து கிடையாது. மேக்ஸ் தெய்லர் 1930-களில் உருவாக்கிய தடுப்பூசிதான் இன்றுவரை காப்பு. அதற்காக 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கென்யாவின் மசாய் மாராவுக்குச் செல்பவர்கள் பலரும் இந்த ஊசியைக் கென்யா கேட்பதாக நினைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகச் செல்பவரிடம் கென்யா கேட்க வேண்டிய காரணமில்லை, இந்தியாவில் இந்த நோய் இல்லை. கேட்பது இந்தியாதான், நாம் திரும்பி வரும்போது. ஏன் என்பதைத் தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு விளக்கவே வேண்டாம். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புவது. மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய் ஓட்டிலும் உடைந்த வாளியிலும் பெருகும் அந்தக் கொசு நம் தெருவெங்கும் இருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட மக்களோ இல்லை. வைரஸ் மட்டும்தான் இன்னும் வரவில்லை. 2016-இல் அங்கோலாவில் பெருந்தொற்று பரவியபோது, அங்கே வேலை செய்துவிட்டுச் சீனா திரும்பிய 11 தொழிலாளர்கள் அந்த நோயுடன் வந்து சேர்ந்தார்கள். ஆசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள் அவர்களே. அங்கே மேலும் பரவாமல் தப்பியது. சென்னையில் ஒரு மழைக்காலத்தில் அப்படி ஒருவர் வந்திறங்கினால் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தால், விமான நிலையச் சுகாதார அதிகாரியின் கண்டிப்பு நமக்குத் தொல்லையாகத் தோன்றாது.

அந்தக் கண்டிப்பு இப்படித்தான்: நோய் உள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் சான்று இல்லாமல் வருபவரை, சான்று செல்லுபடியாகும் நாள் வரையிலோ, நோய்க்கு ஆட்படும் வாய்ப்பிருந்த கடைசி நாளிலிருந்து ஆறு நாள்கள் வரையிலோ, எது முன்னதோ அதுவரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஆறு நாள் என்பது, கொசு கடித்ததிலிருந்து நோய் வெளிப்பட ஆகும் அதிகபட்சக் காலம். இந்தியர் என்பதால் விலக்கு கிடையாது.

சான்று என்பது மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு அட்டை. பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் சிக்கல்தான். அட்டையில் ‘செல்லுபடியாகும் நாள்’ என்று இருப்பது, ஊசி போட்டதற்குப் பத்து நாள்கள் கழித்துத்தான் தொடங்கும். உடம்பில் எதிர்ப்பாற்றல் உருவாக ஆகும் காலம் அது. தத்கால் கட்டணம் கட்டி அந்தப் பத்து நாளை யாராலும் குறைக்க முடியாது. முடியும் நாள் என்று இப்போது ஒன்றில்லை. 2016 ஜூலை 11 முதல் ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அப்படியே ஏற்க வேண்டும் என்பதுதான் விதி. பாஸ்போர்ட் மாறியிருந்தால், அட்டையில் உள்ள எண்ணுக்குரிய பழைய பாஸ்போர்ட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

ஊசி எந்த மருத்துவமனையிலும் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிறுவனம் பலருக்கும் தெரிந்த இடம். அங்கே நினைத்த நாளில் போய்ப் போட்டுக்கொள்ள முடியாதது ஏன் என்று கோபப்படுபவர்கள் உண்டு. ஒரு குப்பி மருந்தில் பலருக்கான அளவு இருக்கும். கரைத்த பிறகு சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்காவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் குறிப்பிட்ட நாள்களில் ஆட்களைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசாமல் இந்த உயிருள்ள வைரஸ் ஊசிக்குப் போகக் கூடாது. குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போன்ற இன்னொரு உயிருள்ள ஊசி பாக்கி இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் நான்கு வார இடைவெளி வேண்டும்.

எல்லையில் ஊசியும் தடுத்து வைத்தலும் நமக்குப் புதியவையல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன், ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நாள்கணக்கில் தங்க வைத்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் மண்டபம் கேம்ப். பின்னாளில் பெரியம்மைச் சான்று பாஸ்போர்ட்டுக்கு இணையாகக் கேட்கப்பட்டது. 1980-இல் அந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதையடுத்து அதற்கும் தேவையில்லாமல் போனது. கொரோனா காலத்துச் சான்றுகளும் 2022, 2023-இல் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. கேட்பது நோயைப் பொறுத்து மாறும்.

இனி நாள்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மே 10 அன்று சென்னையிலிருந்து கிளம்பி நைரோபி, மசாய் மாரா பார்த்துவிட்டு மே 17 அன்று திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் மே 8 அன்று ஊசி போட்டிருந்தால் சான்று மே 18 அன்றுதான் உயிர் பெறும். சென்னையில் இறங்கியும் வீட்டுக்குப் போக முடியாமல் ஒரு நாள் தனிமையில் இருக்க நேரும். காட்டில் கொசு கடிபட்ட நாள்களிலும் உடம்பில் முழுக் காப்பு இருந்திருக்காது. அதே குடும்பம் மே 15 அன்று தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கும் போவதாக இருந்தால், கணக்கு இன்னும் இறுகும். கென்யாவிலிருந்து வருபவரிடம் தான்சானியா இந்த அட்டையைக் கேட்கும். மே 6 அன்று ஊசி போட்டவருக்குக்கூட அங்கே ஒரு நாள் குறைகிறது. வழியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா போன்ற ஊரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து விமானம் மாறுபவரை, நோயுள்ள நாட்டிலிருந்து வருபவராகவே பல நாடுகள் எண்ணும் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். மே மாதப் பயணத்துக்கு மார்ச்சில் பாஸ்போர்ட் தேதிகளைச் சரிபார்த்து, ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஊசிக்கு நாள் வாங்கி, அட்டையில் பெயரும் எண்ணும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மையத்தின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே ஒருமுறை படித்துப் பாருங்கள்.